பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

"நான் பட்ட பாடு என்னோடு போகட்டும், நீ உளியைத் தொடாதே, படித்து மேலே வா" என்னும் அறிவுரையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை நம் தோட்டப்புறங்களில் ஒருவரேனும் இருப்பாரா என்பது ஐயமே. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும் நிரையை வெட்டி முடித்து, காண்டாக் கம்பு அழுத்திய தழும்போடு வீடு திரும்பும் தாயோ தந்தையோ இவ்வாறு கூறுவதில் வியப்பொன்றும் இல்லை. அது அன்பிலிருந்து பிறக்கும் சொல். அதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று.

ஆயினும், அச்சொல் பாதி அறிவுரையே என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். "என்னைப்போல் ஆகாதே" என்பதையே பத்தாண்டுக் காலம் கேட்டு வளரும் பிள்ளையின் உள்ளத்தில் என்ன பதிகிறது? தந்தையின் தொழில் இழிவானது, தாயின் வாழ்வில் கற்றுக்கொள்ள ஏதும் இல்லை என்பதே பதிகிறது. அப்பிள்ளை படித்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குச் செல்கிறான். அங்கே கடன், தவணை, நண்பர் கூட்டம், வீட்டு வாடகை எனச் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்போது, பெற்றோரிடம் ஒரு சொல் கேட்போம் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறான். அவ்வாறு நினைக்கும்படி அவனைப் பழக்கியவர்களும் அவர்களேதாம்.

பெற்றோர் கூட்டங்களில் நாம் பல முறை கேட்டிருக்கும் மறுமொழி ஒன்று உண்டு. "எங்களுக்கு எழுத்து வாசனை இல்லை, புத்திமதி சொல்வது வாத்தியார் வேலை" என்பர். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சில காலம் வகுப்பறையிலும் நின்றவர்கள் என்ற முறையில் நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: எழுத்தும் எண்ணும் ஆசிரியர் கற்பிக்கலாம், பொறுமை, நாணயம், சிக்கனம், கூட்டு முயற்சி ஆகியவற்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தான் இயலும். ருக்குன் நெகாராவின் 5 கோட்பாடுகளையும் பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் ஒப்புவிக்கிறார்கள். அவற்றுள் ஐந்தாவதான நன்னடத்தை என்பது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் வீட்டில்தான் பார்க்கிறார்கள். தோட்டப் பாட்டாளி தன் தொழிலிலேயே இவற்றைக் கற்றவர். கற்றது என்ன என்று எடுத்துச் சொல்லும் பழக்கம்தான் அவரிடம் இல்லை.

இன்று பேரா மாநிலத்தின் பல வட்டாரங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் லயங்கள் இருந்த நிலத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. உளி பிடித்தோர் பலர் இப்பொழுது பாட்டன் பாட்டிமாராய்ப் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர். எனவே, இங்கு நாம் கூறுவன இன்றும் மரம் வெட்டுவோருக்கு மட்டுமன்றி, வெட்டி ஓய்ந்தோருக்கும் உரியன.

மரத்திடம் கற்ற அடக்கம்

முதலில் மரத்தையே எடுத்துக்கொள்வோம். 1877-ஆம் ஆண்டில் 9 ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ அவற்றைத் தம் இருப்பிட வளாகத்தில் நடச் செய்தார். இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது எனலாம். ஆனால் மரம் இருந்தால் மட்டும் போதுமா? அமேசான் காடுகளில் பால் எடுத்தோர் கோடரியால் மரத்தைக் கொத்தினர். மரம் புண்பட்டது; பாலும் நிலையாகக் கிடைக்கவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஏற்கெனவே வெட்டிய இடத்திலேயே மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்துவந்தால் மரம் கெடாமல் நெடுங்காலம் பால் தரும் என்று காட்டினார். உளியின் வரலாறு இதுவே.

இனி, நிரையில் நிற்கும் தொழிலாளி செய்வதைப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டிலும் அவர் எடுப்பது ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரை மில்லிமீட்டரோ கனமுள்ள பட்டைதான். ஆழத்திலும் அவருக்கு ஓர் எல்லை உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் இருக்கிறது; அதனைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து உளி நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றுவிட்டால் பால் குறையும். அதைக் கடந்து உள்ளே போனால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அவ்விடத்தில் உளி ஓடாது. இன்றைக்கு ஒரு மங்கு பால் கூடுதலாக வேண்டும் என்று அழுத்தியவர், சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தில் பாலே எடுக்க முடியாமல் நிற்பார். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு காலையில் சில நூறு மரங்களில் இந்த எல்லையைக் கைப்பழக்கத்தாலேயே காக்கும் ஒருவர், தமக்கு ஏதும் தெரியாது என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு!

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதனுள்ளேயே இருக்கிறது. கன்று நட்டபின் 5 முதல் 7 ஆண்டுகள் வரை அதனிடமிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை. தண்டின் சுற்றளவு 45 அல்லது 50 சென்டிமீட்டர் ஆகும்வரை காத்திருக்கிறோம். அவசரப்பட்டு இளமரத்தை வெட்டினால் அது வளர்ச்சி குன்றிப்போகும். படிவம் மூன்று முடியுமுன் "படித்தது போதும், வேலைக்குப் போகிறேன்" என்று நிற்கும் மகனிடம், "படிக்காவிட்டால் உதைப்பேன்" என்பதைவிட, அவனை மரத்தடிக்கு அழைத்துச் சென்று இதனைக் காட்டலாம். மரம் அருகில் இல்லையெனில் வாயால் சொல்லலாம். தந்தை தம் தொழிலைப் பற்றி ஒரு நிபுணரைப்போல் பேசுவதை அந்தப் பிள்ளை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கக்கூடும்.

தண்ணீர் கலந்த பால்

நாணயத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வோர் அரசர்களையும் முனிவர்களையும் தேடிப் போகின்றனர். பால் கொட்டகையே போதும். பால் வாளியில் சிறிது தண்ணீர் சேர்த்துவிட்டால் எடை கூடும் என்ற ஆசை சிலருக்கு வருவதுண்டு. எடை கூடுவது உண்மைதான். ஆனால் பாலுக்கு எடை மட்டும் பார்ப்பதில்லை. அதில் உள்ள காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்றும் சோதிக்கிறார்கள். தண்ணீர் கலந்ததும் விழுக்காடு இறங்கிவிடுகிறது. 20 கிலோ பாலில் 30 விழுக்காடு என்றால் காய்ந்த ரப்பர் 6 கிலோ. அதே பாலில் 4 கிலோ தண்ணீர் சேர்த்து 24 கிலோ ஆக்கினாலும், விழுக்காடு 25 ஆகிவிடும். ரப்பர் அதே 6 கிலோதான். சுமந்தது மட்டுமே மிச்சம்.

இக்கணக்கை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்து விழுக்காட்டுக் கணக்கும் நாணயத்தின் பாடமும் ஒரே சமயத்தில் நடந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அளப்பவர் 30 என்பதை 28 என்று எழுதிவிட்டால் தொழிலாளிக்கு என்ன இழப்பு? 20 கிலோவில் அது 400 கிராம். 25 நாள் வேலை செய்தால் 10 கிலோ ரப்பர். ஆகவே நாணயமாய் இரு என்று கற்பிக்கும்போதே, கணக்கைச் சரிபார் என்றும் கற்பிக்க வேண்டும். நம் முன்னோரில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாயினும் ஒரு மாதத்து எடை முழுவதையும் மனத்தில் வைத்திருந்து, சம்பள நாளில் கிராணியார் வாசிக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். எதிர்த்துக் கேட்டவர்களும் உண்டு. கேட்காமல் மனம் புழுங்கியவர்களே மிகுதி. மரியாதையாக, அஞ்சாமல், எண்ணைக் காட்டிக் கேட்பது ஒரு கலை. வெறும் கோபத்தால் அது கைகூடாது. நம் பிள்ளைகள் நாளை எந்தத் தொழிற்சாலையில் நின்றாலும் இந்தப் பயிற்சி தேவைப்படும்.

சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் காட்டுங்கள்

பல வீடுகளில் சம்பளச் சீட்டு ஓர் இரகசியம். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாத பிள்ளை கைப்பேசி வேண்டும், விலையுயர்ந்த காலணி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறது. பெற்றோர் கடன் வாங்கிக் கொடுக்கின்றனர். பிள்ளை கேட்டது தவறென்று பிறகு அடிப்பதில் பொருளில்லை. அதற்குக் கணக்கு காட்டப்படவில்லை.

பத்து வயதான பிள்ளையை அருகில் அமர்த்திச் சீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். வேலை செய்த நாள்கள் எத்தனை, மிகைநேரம் எவ்வளவு, ஊழியர் சேம நிதிக்கு எவ்வளவு பிடித்தம், சொக்சோவுக்கு எவ்வளவு, முன்பணத்துக்கு எவ்வளவு என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். ஊழியர் சேம நிதி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதலாளி ஒரு பங்கும் தொழிலாளி ஒரு பங்கும் செலுத்துகின்றனர். அப்பணம் முதுமைக்கு உரியது. சொக்சோ என்பது வேலையில் விபத்து நேர்ந்தாலோ உடல் முடங்கிப்போனாலோ குடும்பத்துக்குக் கைகொடுப்பது. இவற்றை அறியாமல் வேலைக்குப் போகும் இளைஞரிடம், "பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் மகிழ்ந்து ஒப்புக்கொள்வார். அந்த மகிழ்ச்சியின் விலை, விபத்து நேர்ந்த நாளில்தான் தெரியும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும் என்பதையும் பிள்ளை தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வரவைப் பார்த்தபின் செலவு. அரிசி, மின்சாரம், பள்ளிப் பேருந்து, கடைப் பற்று. பற்று என்றதும் தோட்டத்து மளிகைக் கடை நினைவுக்கு வராதவர் யார்? சம்பளத்தன்று கடைக்காரர் நோட்டைப் புரட்டுவார். வாங்கியது நினைவில் இராது, கொடுக்க வேண்டியது மட்டும் இருக்கும். அந்த நோட்டு இன்று வேறு உருவத்தில் வந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று இளைஞர் கடைக்குச் செல்கிறார். விலை 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். "மாதம் 150 வெள்ளிதான்" என்கிறார் விற்பவர். 150 சிறிய தொகையாகத் தோன்றுகிறது. எத்தனை மாதம் என்று கேட்பதில்லை. 60 மாதம் என்றால் 9,000 வெள்ளி. ஒன்றரை வண்டியின் விலைக்கு ஒரு வண்டி! மூன்று தவணை தவறினால் அந்த ஒன்றும் போய்விடக்கூடும். இதற்கும் கீழே, அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் வட்டி முதலைகள் இருக்கிறார்கள். "எவ்வளவு மாதத்துக்கு?" என்பதற்கு முன்னால் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கத்தை 12 வயதுக்குள் ஏற்படுத்திவிட்டால், 22 வயதில் பெற்றோர் அலைய வேண்டியிராது.

பத்து வெள்ளியின் கதை

சேமிப்பு பற்றிச் சொல்லும்போது பேரா மக்கள் அயலூர்க் கதை தேட வேண்டியதில்லை. துன் வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர், 1919-இல் பிறந்தவர், தந்தையார் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பின்னர்த் தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தார், அமைச்சராகவும் பணியாற்றினார்.

1950-களின் பிற்பகுதியில், இந்நாட்டுப் பெரிய தோட்டங்கள் பலவற்றின் வெளிநாட்டு உரிமையாளர்கள் அவற்றை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய தொழிலாளர் அனைவருக்கும் இடமில்லை. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போயிற்று. மூன்று தலைமுறையாக உழைத்த மண்ணில் ஓரடி நிலமும் தமக்கில்லை என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது.

அந்நிலையில் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து, விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாடாமல் முழுமையாக வாங்குவது என்பது சம்பந்தன் அவர்களின் எண்ணம். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளிகளே கிடைத்த காலத்தில் மாதம் 10 வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. வெறுங்கையோடு வந்தவர்கள் தோட்டம் வாங்குவதா என்று எள்ளியவர்கள் இருந்தனர். கட்டிய பணம் திரும்புமா என்று அஞ்சியவர்களும் இருந்தனர். எனினும் கட்டினார்கள். அடுத்த ஆண்டே, 1961-இல், கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. அதன் பின்னர் வேறு தோட்டங்களும் வந்தன. சம்பந்தன் அவர்கள் 1979-இல் காலமானார், சங்கம் நிலைத்தது.

இக்கதையில் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது தலைவரின் பெருமையை மட்டுமன்று. பெயர் வரலாற்றில் எழுதப்படாத ஆயிரக்கணக்கான பால்வெட்டுத் தொழிலாளர்கள் அந்த 10 வெள்ளியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். சிலர் வெற்றிலை பாக்கைக் குறைத்தனர். சிலர் தீபாவளிக்குப் புதுச்சேலை எடுக்கவில்லை. உங்கள் வீட்டுப் பாட்டியோ பெரியப்பாவோ பங்கு வாங்கியிருந்தால், அந்தப் பங்குச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனியொருவர் 100 வெள்ளியைக் கொண்டு தோட்டம் வாங்க இயலாது. பல்லாயிரவர் சேர்ந்தபோது இயன்றது. சேமிப்பும் ஒற்றுமையும் வெவ்வேறு பாடங்கள் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க நமக்குத் தெரியவில்லை.

குடியைப் பற்றி ஒரு சொல்

குடிப்பவர் பிள்ளைக்குக் குடியாதே என்று சொல்வதில் பயனில்லை என்பதை யாவரும் அறிவர். அதை நீட்டிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் தோட்டத்தான் என்றாலே குடிகாரன் என்று பள்ளியில் எவரேனும் பிள்ளையைக் கேலி செய்தால், அதற்கு மறுமொழி நம் வரலாற்றில் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போர் முடிந்தபின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடாவில் தோன்றிய தொண்டர் படையினர் தோட்டந்தோறும் கள்ளுக்கு எதிராகப் பாடுபட்டனர். கள்ளுக்கடையை வைத்தவர்கள் தொழிலாளர்கள் அல்லர். அதை மூடச் சொல்லிப் போராடியவர்கள் தொழிலாளர்கள். பிள்ளை இதனைத் தெரிந்துகொண்டு தலைநிமிரட்டும். தெரிந்துகொண்டபின் தந்தையின் கையில் இருக்கும் போத்தலைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்பதைத் தந்தையார் தாமே எண்ணிக்கொள்வாராக.

மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்றா?

அறிவுரையில் நம் வீடுகளில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. அடக்கம், சிக்கனம், நேரத்தோடு வீடு திரும்புதல், பாத்திரம் கழுவுதல் ஆகிய யாவும் மகளுக்கு. மகனுக்கோ "படி" என்ற ஒரு சொல், அதையும் அவன் கேட்காவிட்டால் "ஆண்பிள்ளை அப்படித்தான்" என்ற சமாதானம். தோட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி உளி பிடித்தார்கள். ஒரே எடையைச் சுமந்தார்கள். பெண் வேலை முடிந்து வந்து அடுப்பையும் மூட்டினாள் என்பதுதான் வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் கண்டே வளர்ந்த மகன் தன் மனைவியிடமும் அதையே எதிர்பார்க்கிறான். பட்டணத்தில் இருவரும் தொழிற்சாலைக்குச் செல்லும் குடும்பத்தில் இது சச்சரவாக முடிகிறது. மகனுக்குச் சோறு வடிக்கவும் தன் துணியைத் துவைக்கவும் பத்து வயதிலேயே பழக்குங்கள். மகளுக்கு வங்கிக் கணக்கைத் தானே கையாளவும், முன்பின் தெரியாதவரிடம் "முடியாது" என்று உறுதியாகச் சொல்லவும் பழக்குங்கள். சிறுமியரை "வாயாடாதே" என்று அடக்கியே வளர்த்துவிட்டு, ஆபத்து வரும்போது அவர்கள் குரலெழுப்பவில்லையே என்று வருந்துவது முறையன்று.

எப்பொழுது சொல்வது?

தவறு நடந்த உடனே, கோபம் தணியுமுன் சொல்லப்படும் அறிவுரையில் பிள்ளைக்கு நினைவிருப்பது அடி ஒன்றுதான். அண்டை வீட்டார் முன்னிலையில் சொல்வதும், "அவர் மகனைப் பார்" என்று ஒப்பிட்டுச் சொல்வதும் அவ்வாறே. சேர்ந்து ஏதேனும் வேலை செய்யும் நேரமே இதற்கு ஏற்றது. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நடும்போது, சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது, கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும்போது பிள்ளை நம் முகத்தைப் பாராமலே காது கொடுக்கும். பதின்ம வயதினர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினால் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது வகுப்பறையிலும் நாம் கண்டது.

கேட்கவும் வேண்டும். ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், லயத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த வாழ்க்கையிலிருந்து, மாடிக்கு மாடி முகம் தெரியாத வாழ்க்கைக்கு வந்தவர்கள். தோட்டத்தில் ஒரு சிறுவன் வழிதவறினால் பக்கத்து வீட்டுப் பாட்டி முதற்கொண்டு கண்டித்தார்கள். அங்கே அவ்வாறு கண்டிப்பார் இல்லை. "உனக்கு ஒன்று என்றால் நாங்கள் இருக்கிறோம்" என்று முதலில் சொல்பவன் பெரும்பாலும் தெருமுனையில் நிற்கும் கூட்டத்தான். அச்சொல்லை அவனுக்கு முந்திப் பெற்றோர் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தால் வீட்டைவிட்டுத் துரத்துவதும் கூடாது. துரத்தப்பட்டவன் நேரே அங்கேதான் போவான்.

தாள்களைக் காத்தல்

இறுதியாக, அறிவுரை என்று பலர் கருதாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடுதலைக்கு முன் பிறந்த நம்மவருள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தோட்டத்தில் பிறந்தார்கள், தோட்டத்தில் வளர்ந்தார்கள், தாள் மட்டும் இல்லை. அதனால் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் உண்டு. அவர்கள் பட்ட அலைச்சலைப் பிள்ளைகள் அறிய வேண்டும். அறிந்தால்தான் அவர்கள் திருமணத்தையும் குழந்தைகளின் பிறப்பையும் உரிய காலத்தில் பதிவு செய்வார்கள். முறையாகப் பதிவு செய்யாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமையிலேயே சிக்கல் வருவதுண்டு. கோயிலில் தாலி கட்டியது ஊரறிந்ததாயினும் பதிவகம் அறியாது.

12 வயதில் பிள்ளைக்கு மைகார்ட் எடுக்க வேண்டும். 18 வயதில் அதனை மாற்ற வேண்டும். ஒரு தகரப் பெட்டியோ கனத்த பிளாஸ்டிக் உறையோ வாங்கி, அதில் குடும்பத்தாரின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவுச் சான்றிதழ், பள்ளித் தேர்ச்சிச் சான்றிதழ்கள், ஊழியர் சேம நிதி அறிக்கை, சொக்சோ தாள்கள், கூட்டுறவுச் சங்கப் பங்கு, இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை வையுங்கள். கரையானும் மழைநீரும் எட்டாத இடத்தில் பெட்டி இருக்கட்டும். அதில் என்னென்ன உள்ளன என்று ஒரு பட்டியலை, எழுத்து நன்றாக இருக்கும் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஊழியர் சேம நிதியில் யாரை வாரிசாக நியமித்திருக்கிறீர்கள் என்பதையும் அன்றே சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு மறந்தவர்கள் இருக்கக்கூடும். சேம நிதி அலுவலகத்தில் அதனை மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டையைக் கொண்டு செல்லுங்கள், படிவத்தை வாசித்துச் சொல்லப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.